முழுப் படத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புனித வெள்ளியன்று தங்கள் இணைப்பிதழில், இறந்த இயேசுவைச் சுற்றி அழுபவர்களைக் காட்டும் இத்தாலிய ஓவியர் ஜியோட்டோவின் ஓவியத்தைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் இரண்டு பத்திக்குள் அடக்குவதற்காக மாதாவின் முகத்தையும் இயேசுவின் முகத்தையும் மட்டும் வெட்டியெடுத்து, கீழே ‘தனித்து அழும் தாய்’ என்று போட்டுவிட்டீர்கள். அந்தத் தாய் தனியாக அழவில்லை ஐயா.

இத்தாலியில் பதுவா நகரத்து ஸ்க்ரொவேனி சிற்றாலயச் சுவரில், 1305 வாக்கில், ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டியது அது. மகதலா மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்திருக்கிறாள். சீடர் அருளப்பர் இரண்டு கைகளையும் பின்னால் வீசிக் குனிகிறார். வானத்தில் சம்மனசுகள், அதாவது தேவதூதர்கள்கூட, ஆளுக்கொரு விதமாகக் கதறுகிறார்கள். இவர்கள் எல்லாரையும்விட என்னை நிறுத்தி வைப்பது, நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர்தான். தலைமுதல் தரைவரை துணி போர்த்திய கனத்த முதுகுகள். முகமே தெரியாது. நீங்கள் வெட்டியதில் முதலில் போனது அவர்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் இழவு வீட்டுக்குப் போனவர்களுக்கு அந்த முதுகுகளைத் தெரியும். கேதத்துக்கு வந்த பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோள்மேல் கைபோட்டு, தலையோடு தலை சேர்த்து ஒப்பாரி வைப்பார்கள். தெருவில் நிற்கிறவருக்குத் தெரிவது அவிழ்ந்த கொண்டையும் ஆடும் முதுகும்தான். பிள்ளையைப் பறிகொடுத்தவள் அந்த வட்டத்துக்குள் எங்கோ இருப்பாள். புதிதாக வருகிற ஒவ்வொருத்தியும் அவளைக் கட்டிக்கொண்டு, தன் வீட்டுச் சாவையும் சேர்த்து அழுவாள்.

ஐரோப்பாவின் இடைக்காலப் பிற்பகுதியான கோதிக் காலத்து ஓவியர்கள் துக்கத்தை இப்படிக் கூட்டமாகவே பார்த்திருக்கிறார்கள். ஸ்பெயினில் மஹாமூத் என்ற ஊரின் தேவாலயத்தில், ஒரு பிரபுவின் கல்லறைக்காக 1295 வாக்கில் தீட்டிய மரப்பலகைகள் இப்போது பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பட்டை போட்ட உடுப்பில் ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று தலைமுடியைப் பிய்க்கிறார்கள், கன்னத்தைப் பிறாண்டுகிறார்கள். வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டியபோது, “டீச்சர், இது எங்க அப்பத்தா மாதிரியே இருக்கு” என்றாள் ஒரு பிள்ளை. அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே ஒரு ஞாயிறு இதழில் ஜியோட்டோவின் ஓவியத்தை முழுசாக, வண்ணத்தில் போடுங்கள். இடம் போதாது என்றால் கட்டுரையைக் குறைத்துக்கொள்ளலாம். சுற்றி இருப்பவர்கள் யார் யார் என்று கீழே குறிப்பும் சேர்த்தால், பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்வார்கள்.

– ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை, உசிலம்பட்டி