தரம் 11 பெற்றோர் கவனத்திற்கு: பாடப் பக்கம் திறக்கவில்லையா?

வணக்கம். கணிதப் பாடப் பக்கம் சில வீடுகளில் திறக்கிறது, சில வீடுகளில் வெள்ளையாகவே நிற்கிறது. ஹட்டன் மழையைத் திட்டுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்:

1. கொம்பியூட்டரில் திகதி, நேரம் சரியா? எங்கள் வீட்டில் 2012 என்று காட்டியது. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்திருந்தது. திகதி பிழையென்றால் பாதுகாப்பில்லை என்று பிரௌசரே பக்கத்தைத் தடுத்துவிடும். திருத்தியதும் திறந்தது.
2. பக்கத்தைப் புதிதாக ஏற்ற, கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்.
3. ஃபோன் ஹாட்ஸ்பொட்டில் திறந்தால், கோளாறு வீட்டு இணைப்பில்தான்.
4. விண்டோஸ் 7 என்றால் குரோம் பிரௌசர் 109ஆம் பதிப்புடன் நின்றிருக்கும், அதற்குப் பிறகு புதுப்பிக்காது. வேறு கொம்பியூட்டரில் பாருங்கள்.

அப்படியும் சரிவராதவர்கள் வெள்ளி இரவு 8 மணிக்குள் திரையைப் படமெடுத்து, எந்தப் பிரௌசர் என்றும் எழுதி அனுப்புங்கள். "வேலை செய்யல" என்று மட்டும் போட வேண்டாம். சனி காலை 9 மணிக்கு வகுப்பு.