பிஸ்கற் தகரத்துக்குள் இருந்த குழி

அன்புள்ள எல்லாருக்கும்,

கடைசிக் கசெற்றையும் போன ஞாயிறு இரவு ஓடவிட்டு முடித்தேன். 17 ஹை8 வீடியோக் கசெற், ஏறத்தாழ 21 மணித்தியாலப் படம், 270 ஜிபி. 2003 இல் எங்களுக்குத் தொல்லியல் படிப்பித்த சேர் யாழ்ப்பாணம் வலிகாமத்துப் பனங்காணி ஒன்றில் நடத்திய பயிற்சி அகழ்வும், அதையொட்டி எடுத்த வகுப்புகளும் இப்போது இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. ஒன்று வெள்ளவத்தையில் என்னிடம், மற்றது சேரின் மனைவி ரீச்சரிடம். ஆளாளுக்குப் போன் எடுத்து நன்றி சொல்லி முடியாது. அதனால்தான் இந்த மடல்.

ரீச்சருக்குத்தான் முதல் நன்றி. சேர் போனபிறகு மூன்று வீடு மாறியும் இந்தக் கசெற்றுகளை அவர் கைவிடவில்லை. பெரிய பிஸ்கற் தகரத்தின் அடியில் அரிசி பரப்பி, ஒவ்வொன்றையும் பழைய சேலைத் துண்டில் சுற்றி அடுக்கியிருந்தார். "அரிசி ஈரத்தை இழுக்கும் எண்டு சேர் சொன்னவர். வருசத்துக்கு ஒருக்கா மாத்துவன்" என்றார். 17 இல் நாலில் மட்டும்தான் பூஞ்சணம். கல்யாண வீடியோ எடுத்தே சீவிக்கிற நான், என் சொந்தக் கல்யாணக் கசெற்றைக் கடற்காற்றுக்குப் பறிகொடுத்தவன் என்பதையும் இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன்.

முதலாம் குறுக்குத் தெருவில் கமரா திருத்தும் நானாவுக்கு அடுத்தது. ஹை8 ஓட்டும் கமரா இப்போது கடையில் கிடையாது. பழைய ஹை8 கசெற்றையும் வாசித்து, அதை டிஜிற்றலாக மாற்றிக் கணினிக்கு அனுப்பக்கூடிய டிஜிற்றல்8 கமரா ஒன்று ரொறன்ரோவிலிருந்து நண்பரின் தம்பியின் சூட்கேசில் வந்தது. (தம்பிக்கும் நன்றி. உங்கள் சேட்டுகளைக் கசக்கியதற்கு மன்னிக்கவும்.) வந்த இரண்டாம் நாளே படம் முழுக்கக் கோடு விழுந்தது. நான் முதலில் கொண்டுபோன ஓரிடத்தில், "உதைத் தூக்கி எறிஞ்சுபோட்டு வேற வேலையைப் பாருங்கோ" என்றார்கள். நானா கமராவைத் திறந்து, கசெற்றை வாசிக்கும் ஹெட்டில் ஒட்டியிருந்த தூளை ஸ்பிரிற் தோய்த்த துணியால் துடைத்து, "கசெற் ஓடுறதுக்கு முந்தி ஒருக்கா, ஓடின பிறகு ஒருக்கா. அவசரப்பட்டா ரெண்டும் போயிடும்" என்றார். கூலி கேட்டதற்கு என்னையே இரண்டு பிளேன்ரீ வாங்கிவரச் சொன்னார். அந்த நாலு பூஞ்சணக் கசெற்றுகளையும் மூன்று கிழமை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளோடு மூடிவைத்துக் காயவைத்ததும் அவர் யோசனைதான்.

பௌத்தாலோக மாவத்தையில் தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தில் படித்த சிங்கள நண்பர் ஒருவர் இல்லாவிட்டால், நான் இதையெல்லாம் வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, இருபது நிமிடத்தில் முடித்திருப்பேன். அவர் விடவில்லை. கமரா ஆடினாலும் வெட்டாதே, சத்தம் இரைந்தாலும் எடுக்காதே, எந்த நாள், எந்தக் குழி, எத்தனையாவது மண்படை என்று மட்டும் எழுது என்றார். ஒரு குழியை ஒருமுறைதான் வெட்டலாம், வெட்டிய ஒழுங்கு தெரியாவிட்டால் கிடைத்த பொருளுக்கு மதிப்பில்லை என்பது அவர் கட்சி. சேரும் இதையேதான் கத்துவார். கசெற் 3 இல் அவர் கத்துவது நன்றாகப் பதிவாகியிருக்கிறது. கத்து வாங்குவது நான்.

பார்த்தவர்கள் அதிகம் கேட்டது இரண்டு காட்சிகளை.

ஒன்று சேர் வீட்டுக் குசினி. கந்தரோடை, ஆனைக்கோட்டை, பொம்பரிப்பு என்று அகழ்ந்த இடமெங்கும் கிடைத்த கறுப்பு–சிவப்பு மட்பாண்டம் எப்படி உள்ளே கறுத்து வெளியே சிவக்கிறது என்று யாரோ கேட்டிருக்கிறோம். சேர் ரீச்சரின் புதுச் சட்டியை எடுத்து அடுப்புச் சாம்பலில் கவிழ்க்கிறார். வாய் நிலத்தோடு படிந்தால் உள்ளே காற்றுப் போகாது, கறுக்கும். வெளியே காற்றோடு நெருப்புப் பட்டால் சிவக்கும். விளக்கம் முடிவதற்குள் திரையின் வலப்பக்கத்திலிருந்து ஒரு கை வந்து சட்டியைப் பறித்துக்கொண்டு போகிறது.

மற்றது கசெற் 9. இரண்டு மீற்றர் சதுரக் குழி. சேர் குழிச் சுவரில் தண்ணீர் தெளித்துவிட்டு, நிற வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்கிறார். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் எட்டுப் பேர், ஒருவருக்கும் தெரியவில்லை. மண் அள்ள வந்த ஐயா, ஊரில் கிணறு வெட்டுகிறவர், கடகத்தை இறக்கி வைத்துவிட்டுப் பெருவிரலால் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுக்கிறார். "இஞ்சாலை கிடந்த மண் தம்பி. அங்காலை வெட்டின மண். கையிலை பொலுபொலுக்குது பாருங்கோ." சேர் ஒன்றும் பேசாமல் அதே இடத்தில் தன் விரலை வைக்கிறார். அடுத்தநாள் வகுப்பில் கரும்பலகையில் இருப்பது இரண்டே வரி: வெட்டின மண் (யாரோ முன்பு தோண்டி மூடியது), கிடந்த மண் (கை படாதது).

ஐயாவின் பெயர் எங்கள் ஒரு அறிக்கையிலும் இல்லை. நாங்கள் எட்டுப் பேரும் இருக்கிறோம். அவர் இப்போது இல்லை. காலி வீதியில் வேலை செய்யும் அவர் பேத்தி படம் பார்க்க வந்தா. அந்த 42 செக்கனை மட்டும் தன் போனுக்கு அனுப்பச் சொன்னா. அனுப்பியிருக்கிறேன் பிள்ளை, ஐயாவுக்குச் சொல்லாத நன்றியும் அதோடு சேர்த்துத்தான்.

கொழும்புப் பயணம் கசெற் 14 இல். தேசிய நூதனசாலை முற்றத்து ஆலமரத்தடியில் சேர், உள்ளே பார்த்த காலி மும்மொழிக் கல்லைப் பற்றிச் சொல்கிறார். 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்டு, சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல். 1911 இல் காலியில் ஒரு மதகின் மூடியாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேனவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பேரிலும் காணிக்கை. "மூண்டு பேரையும் சமாளிச்ச கெட்டிக்காரன்" என்று சேர் சிரிக்க, பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கிறது. நண்பர் சொன்னபடி ஹோர்னையும் விட்டிருக்கிறேன்.

இனி என் குற்றம். கசெற் 10 இன் நடுவில் 35 நிமிடம் என் மச்சாளின் கல்யாணம். வெறுங் கசெற் என்று நினைத்து நான்தான் மேலே பதிந்திருக்கிறேன். ஐயா காட்டிய அந்த வெட்டின மண்ணின் அடியைத் தொட்ட நாள் அது. மேளச் சத்தம் அடங்கிப் படம் திரும்பும்போது குழி மூடிக் கிடக்கிறது. இந்த ஓட்டையை அடைத்தவர் எங்களோடு படித்த கொட்டாஞ்சேனை அக்கா. அவரது களக் கொப்பியில் அன்றைய திகதியிட்டு எல்லாம் இருந்தது: ஆழம், மண் நிறம், கடைசியில் "அடியில் சோடாப் போத்தல் கழுத்து. சேருக்குப் பெரிய சந்தோசம்." ஐயா சொன்னது சரி, யாரோ அண்மைக் காலத்தில் வெட்டி மூடிய குப்பைக் குழிதான். சேரின் அந்த முகத்தை நான் அழித்துவிட்டேன். கொப்பியை இருபது வருடத்துக்கு மேல் வைத்திருந்த அக்காவுக்கு என்ன சொல்ல?

மச்சாள், உங்கள் 35 நிமிடத்தையும் தனிக் கோப்பாக எடுத்து வைத்திருக்கிறேன். பென்ட்ரைவ் ஒன்று கொண்டு வாங்கோ.

அன்புடன்,
கசெற் 3 இல் ஏச்சு வாங்குபவன்
வெள்ளவத்தை, கொழும்பு 6