ஹன்னாவின் பிள்ளை எங்கே?

மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் வாசிப்பு வட்டம் நடத்தும் ஆசிரியர்களுக்கும், உளவளத்துணைக்குப் பொறுப்பான ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் நான்சி ட்ரூ என்ற அமெரிக்கத் துப்பறியும் பெண்ணின் கதையை எடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்லிக்கொடுத்தால் தரம் 7, 8 பிள்ளைகள் அசையாமல் கேட்பார்கள். நல்ல தெரிவு. எங்கள் கவலையெல்லாம் கதை முடிந்தபின் வரும் ஒரு கேள்வி பற்றியது: "நான்சி ஏன் எப்போதும் தொலைந்ததையே தேடுகிறாள்? அம்மா இல்லாத ஏக்கம்தானே?"

கேட்க ஆழமாகத்தான் இருக்கிறது. நூலுக்குள் அதற்கு ஆதாரம் இல்லை. நான்சி 1930இல் வந்தவள். எட்வர்ட் ஸ்ட்ராட்மேயர் திட்டம் போட்டுக் கொடுக்க, மில்ட்ரட் வேர்ட் எழுதினார். அட்டையில் கரோலின் கீன் என்ற புனைபெயர் போனது. 1959இலிருந்து பழைய நூல்களைத் திருத்தி வெளியிட்டார்கள். பழையதில் நான்சிக்கு வயது 16, தாய் இறந்தபோது அவளுக்கு 10. திருத்தியதில் வயது 18, தாய் இறந்தபோது 3. பத்து வயதில் தாயை இழந்த பிள்ளைக்கு அந்தக் குரலும் கைப்பக்குவமும் சாவு வீட்டு நாளும் ஞாபகம் இருக்கும். மூன்று வயதில் இழந்த பிள்ளைக்கு மற்றவர்கள் சொன்னதுதான் ஞாபகம். உளவளத்துணை செய்பவருக்கு இவை இரண்டும் வேறு வேறு இழப்புகள். கதையில் இதை மாற்றியும் நான்சியின் துப்புத் துலக்கும் ஆசை அப்படியே இருக்கிறது. திருத்தத்தில் அவள் கொஞ்சம் அடக்கமானவளாக ஆனாள், அவ்வளவுதான். தாயை அகற்றியது கதை நகர்வதற்காக. "இருட்டுற நேரத்துல எங்கடி போற?" என்று கேட்க ஆள் இருந்தால் அவளால் காரை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது.

ஆகவே முதலில், கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். உரிமைப் பக்கத்தில் 1930 என்றிருப்பதை மட்டும் நம்பவேண்டாம். திருத்திய பதிப்பிலும் அந்த ஆண்டு அச்சாகியிருக்கும். முதல் நூலின் (The Secret of the Old Clock) அத்தியாயங்களை எண்ணுங்கள்: 25 என்றால் பழையது, 20 என்றால் திருத்தியது. முதல் பக்கமே காட்டிக்கொடுத்துவிடும். நான்சி தகப்பனோடு ஒரு பணக்காரக் குடும்பத்தின் சொத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் பழையது. கடும் நீலக் காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தால் புதியது. பழையதை எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். பங்களாக் காவற்காரராக வரும் கறுப்பினத்தவரைக் குடிகாரராக, கேலிப் பொருளாக எழுதியிருக்கிறார்கள். கூலி வேலை செய்பவரை இப்படி எழுதுவது நம் பிள்ளைகளின் தாத்தாமாரைப் பற்றியும் நடந்ததுதான். வகுப்பில் அதை வாசித்துவிட்டுச் சும்மா கடந்து போகக்கூடாது. பேச நேரம் இல்லையென்றால் திருத்திய பதிப்பையே எடுங்கள்.

இனி, உளவியல் உண்மையிலேயே இருக்கும் இடம். முதல் நூலில் நான்சியை ஒரு திருடன் உடுப்பு அலுமாரிக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறான். இருட்டு. கதவில் இடிக்கிறாள், பதறுகிறாள். கொஞ்ச நேரத்தில் பலம் வீணாகிறது என்று அவளுக்கே விளங்குகிறது. நிறுத்துகிறாள், யோசிக்கிறாள். கொண்டை ஊசியால் பூட்டைத் திறக்கப் பார்க்கிறாள், சரிவரவில்லை. உடுப்பு மாட்டும் கட்டையைத் தடவிக் கண்டுபிடித்து, அதை நெம்புகோலாக்கிக் கதவை நெம்புகிறாள். சத்தம் கேட்டு அந்தக் காவற்காரர்தான் வந்து திறந்துவிடுகிறார். பயப்படாத வீராங்கனை என்று அவளைச் சொல்வது பிழை. அவள் பயந்தாள். பயம் வந்தபின் என்ன செய்தாள் என்பதுதான் பிள்ளைக்குப் பயன்படும். கடைசியில் இன்னொருவர் கை தேவைப்பட்டதையும் மறைக்காதீர்கள்.

ஒரு பாடவேளைக்கு இந்த ஒரு காட்சியே போதும். எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். அவள் கட்டையைத் தேடத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, "இப்ப அவ கையில என்ன இருக்கு? வேற என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். "நீங்க எப்பயாவது இப்படி அடைபட்டிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்கவேண்டாம். ஒரே காம்பராவில் ஆறேழு பேர் படுக்கும் லயத்தில் பூட்டிய கதவுக்கு வேறு அர்த்தங்கள் இருக்கலாம். பத்துப் பேர் முன்னால் அதைத் திறக்கக்கூடாது. பிள்ளை தானாகச் சொன்னால் கேளுங்கள், வகுப்பில் துருவாதீர்கள், பிறகு தனியாகப் பேசுங்கள். துன்புறுத்தல் என்று தெரிந்தால் சிறுவர் உதவித் தொலைபேசி எண்ணான 1929க்கு அழையுங்கள்.

அந்த 'அம்மா ஏக்கம்' கேள்வி செய்யும் கெடுதியும் இந்த வகையானதுதான். வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் அம்மா குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலை செய்கிறார். கேள்வி வந்ததும் மற்றப் பிள்ளைகள் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவளுடைய அம்மா உயிரோடு இருக்கிறார், போன் எடுக்கிறார், காசு அனுப்புகிறார். அதைச் சாவோடு சேர்த்து 'குறை' என்று பெயர் வைத்தால், வீட்டுப்பாடம் செய்யாததிலிருந்து எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொள்ளும்.

நான்சிக்கு இல்லாதது எது என்பதைவிட, இருப்பது எது என்று கேட்கலாம். ஒவ்வொரு துப்பையும் அவள் அப்பாவிடம் வந்து சொல்கிறாள். அவரும் கேட்கிறார். உளமருத்துவர் ஜோன் போல்பி 'பாதுகாப்பான தளம்' என்று சொன்னது இதைத்தான்: திரும்பி வர ஓரிடம் உண்டு என்ற நம்பிக்கை இருந்தால் பிள்ளை தூரம் போகும். அந்த இடம் அம்மாயியாகவும் இருக்கலாம், பெரியம்மாவாகவும் இருக்கலாம். திருத்திய பதிப்பில் தாய் தகப்பனை இழந்த ஜூடி என்ற சின்னப் பிள்ளை வருகிறாள். வயதான இரண்டு உறவுக்காரப் பெண்கள் வறுமையிலும் அவளைச் சீராட்டி வளர்க்கிறார்கள். நம் பிள்ளைகள் நான்சியை விட்டுவிட்டு ஜூடியைப் பிடித்துக்கொண்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

ஹன்னா குருவனையும் அப்படிப் பிடித்துக்கொள்ளலாம். ட்ரூ வீட்டில் சமைத்து, வீட்டைப் பார்க்கும் பெண். பழைய நூல்களில் வெறும் வேலைக்காரி. திருத்தியவற்றில் நான்சிக்குத் தாய் மாதிரி. இதை எழுதியவர்கள் நான்சியின் பக்கத்திலிருந்து எழுதினார்கள். நம் பிள்ளை அடுப்படிப் பக்கத்திலிருந்து கேட்கும்: "டீச்சர், ஹன்னாவுக்குப் புள்ளைங்க இல்லையா? அவங்கள யாரு பாக்குறா?" முதல் நூலில் இதற்குப் பதில் இல்லை. நீங்களாக ஒன்றை இட்டுக்கட்டிச் சொல்லாதீர்கள். பதில் இல்லை என்றே சொல்லுங்கள். ஒரு தாளைக் கொடுத்து, ஹன்னா தன் வீட்டுக்கு எழுதும் கடிதத்தை, விரும்பியவர்கள் மட்டும், எழுதச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டச் சொல்லவேண்டாம், சுவரில் ஒட்டவேண்டாம், சிவப்புப் பேனையால் எழுத்துப்பிழை திருத்தவேண்டாம். பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பினால் மடித்துக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சிறுவர் இலக்கியத்திலும் உளவளத்துணையிலும் பணிபுரியும் மலையக நண்பர்கள்