அண்ணே, அந்த டீ விஷயம்

அண்ணே,

நாளையோடு ஒரு வருடம். கினபாலு மலைக்குப் போகலாம் என்று முதலில் கேட்டது யார், பணம் கட்டியது யார் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். உச்சிக்குப் போகும் வழியில் இருக்கிற சாயாட் சாயாட் சோதனைச் சாவடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

விடியற்காலை மணி நாலே கால் இருக்கும். கழுத்து அட்டையைக் காட்டிப் பெயரைப் பதிந்துவிட்டுத் திரும்பினால், நீங்கள் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தீர்கள். நெற்றி விளக்கு உங்கள் சப்பாத்துமேல் அடித்துக்கொண்டிருந்தது, கயிறு அவிழ்ந்து கிடந்தது. கட்டப் பார்த்தீர்கள், முடியவில்லை, விட்டுவிட்டீர்கள். அப்புறம் கையுறையைக் கழற்றி நீட்டினீர்கள். "உன்னோடது நனைஞ்சிருச்சு, இதப் போட்டுக்க. நீ போடா, நான் பின்னாடியே வர்றேன்." அஞ்சு மணிக்குள் அந்தச் சாவடியைத் தாண்டாதவர்களை மேலே விடமாட்டார்கள். நீங்கள் வரப்போவதில்லை என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். வாங்கி மாட்டிக்கொண்டு போய்விட்டேன். உள்ளே உங்கள் கைச்சூடு இருந்தது.

சொல்ல வந்தது இதுவும் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் நாம் தங்கிய லாபான் ராத்தா விடுதியில் சாப்பிட்டு முடித்ததும் நீங்கள் கட்டடத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்ததை நான் பார்த்தேன். திரும்பி வந்து "டீ ஒத்துக்கல" என்றீர்கள், நானும் சரி என்றேன். 1,866 மீட்டரில் நடக்க ஆரம்பித்து அன்றைக்கே 3,200-க்கு மேல் ஏறிய ஆளுக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தால் அது டீயால் வந்தது இல்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும், மூன்று மாதமாக அதைத்தானே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். வழிகாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்களை அங்கேயே படுக்க வைத்திருப்பார். அப்புறம் நானும் கூட இருக்க வேண்டி வரும். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. மன்னித்துவிடுங்கள்.

ஆனால் நீங்களும்தானே மறைத்தீர்கள்? பத்துமலையின் 272 படியை வாரத்துக்கு மூன்று தடவை ஏறி இறங்கலாம் என்று சொன்னது நீங்கள், ஏறி இறங்கியது நான். இப்போது எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் "என்னை மலையில விட்டுட்டுப் போன ஆளு இவன்தான்" என்று என் தோளில் தட்டுகிறீர்கள், எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். பதினோராவது தடவை, அண்ணே. எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உச்சிக்குப் போனவர்களுக்கு வண்ணச் சான்றிதழ், போகாதவர்களுக்குக் கருப்பு வெள்ளை என்று பிரித்துக் கொடுக்க யாருக்குத் தோன்றியதோ. என்னுடையதை அம்மா சட்டம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டார். மாட்ட வேண்டாம் என்று நான் சொன்னேன், ஆனால் ரொம்ப அழுத்திச் சொல்லவில்லை.

இறங்கி வந்த பிறகு அறையில் நீங்கள் என்னிடம் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அண்ணி இதைப் படிப்பார். அது நம்மோடு இருக்கட்டும்.

மேலே 4,095 என்று எழுதிய பலகை பக்கத்தில் நின்றபோது உங்களை நினைத்தேன் என்று போன வருடம் எழுதியிருந்தேன் அல்லவா, அது பொய். கால் விரல் மரத்துப்போயிருந்தது, ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது, படம் எடுக்கப் பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள், அதற்கு நடுவிலும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கையுறையைப் பார்த்தபோதுதான் நினைவு வந்தது, அதுவும் இறங்கும்போது.

வருகிற மார்ச்சுக்கு இரண்டு இடம் பதிந்துவிட்டேன். உங்கள் அடையாள அட்டை எண் என்னிடம் இருந்தது, கேட்காமலே போட்டுவிட்டேன். முதலில் டாக்டரைப் பாருங்கள், உயர நோய்க்கு மாத்திரை போடலாமா என்று கேளுங்கள். இந்தத் தடவை உங்களுக்கு முடியாவிட்டால் நானும் இறங்கிவிடுவேன் என்று எழுதத்தான் ஆசை. இங்கே உட்கார்ந்து எழுதுவது சுலபம். அந்தச் சாவடியில் மறுபடி நாலே காலுக்கு நின்றால் என்ன செய்வேன் என்று தெரியாது. அதனால் படி ஏறுங்கள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு முருகன் சிலைக்குக் கீழே நிற்பேன்.

பதிலை எனக்குத் தனியாக அனுப்புங்கள். குடும்ப வாட்ஸப்பில் போட்டுவிடாதீர்கள்.