சுடலைக்கு இருந்த தும்பிக்கை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் சென்னையில் இருக்கும் பேத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். என் அம்மா கைப்பட எழுதிய சமையல் நோட்டில் உப்பு நார்த்தங்காய்ப் பக்கம். "ஆ-வுக்கு அப்புறம் என்னமோ வால் சுருண்டு கிடக்கு தாத்தா, எத்தனாவது நாள் வெயில்ல வைக்கணும்?" என்று கேட்டாள். 'ஆறாம் நாள் ஓலைப்பாயில் காய வை' என்பதுதான் அந்த வரி. 'றா'வும் 'லை'யும் பழைய எழுத்து. அவள் அம்மாவுக்கும், அதாவது என் மகளுக்கும், அது பிடிபடவில்லை. அவள் 1982-ல் பிறந்தவள். அவள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே எழுத்து மாறிவிட்டது.

பெரியார் 1935-ல் தன் குடிஅரசு பத்திரிகையில் கொண்டுவந்த எழுத்துகளை 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்றுக்கொண்டது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகாரங்கள், அப்புறம் ணை, லை, ளை, னை. மொத்தம் 13. அச்சுக் கோப்பவர்களுக்குப் பெரிய நிம்மதி. நானும் மாறிக்கொண்டேன், கையெழுத்தைத் தவிர.

என் பெயர் எங்கள் பக்கத்துப் பெயர், சுடலையில் தொடங்கும். பழைய 'லை'க்குத் தலைக்கு மேல் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி உண்டு. "தும்பிக்கைய நல்லாத் தூக்குலே" என்று வாத்தியார் தலையில் குட்டிப் படியவைத்த எழுத்து. பேனாவை எடுத்தால் இன்றும் விரல் தானாகச் சுழிக்கும். சென்ற மாதம் வங்கியில் ஒரு தம்பி காசோலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், உங்க பேரையே தப்பா எழுதியிருக்கீங்களே" என்றார். நாற்பது வருஷத்துக் கணக்கு. மேலாளர் வந்து மாதிரிக் கையெழுத்தை எடுத்துப் பார்த்த பிறகுதான் பணம் கைக்கு வந்தது. தம்பி மேல் கோபமில்லை, அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

பழைய எழுத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் சிறுவர் பக்கத்தில் ஒரே ஒரு நாள் அந்த 13 எழுத்தையும் புது எழுத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள், போதும். வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டிவைத்துக்கொள்வோம். எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிரையப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, அப்பா தூத்துக்குடியிலிருந்து போட்ட இன்லண்டு லெட்டர் எல்லாம் அந்த எழுத்தில்தான் கிடக்கின்றன. எனக்குப் பிறகு அதைப் பிரித்துப் படிக்க வீட்டில் ஆளில்லை.

உங்கள் கணினியில் அந்த வடிவங்கள் வராது என்றால் ஒரு கார்டு போடுங்கள். நானே வெள்ளைத்தாளில் எழுதி அனுப்பிவைக்கிறேன்.

சு.மு.,
பாளையங்கோட்டை.