குடை விரித்துக் காட்டிய அக்காவுக்கு நன்றி

அக்கா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். மதுரையில் அந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தில், மேலூரிலிருந்து வந்திருந்த என் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களே, உங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

அம்மாவுக்கு 76 வயது. இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலான பெருந்தமனி வால்வில் சுண்ணாம்பு படிந்து வழி குறுகிவிட்டது. நாலு படி ஏறினாலே மூச்சு முட்டும். நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வு வைக்கலாம் என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பவே இல்லை. "நெஞ்சைப் பிளக்க விடமாட்டேன், வீட்டுக்குக் கூட்டிப் போ" என்று ஒரே பிடிவாதம்.

நீங்கள் மஞ்சள் பையிலிருந்து குடையை எடுத்தீர்கள். "வால்வு இப்படி மடங்கித்தான் உள்ளே போகும்மா. போய்ச் சேர்ந்ததும் இப்படி விரியும்" என்று மெல்ல விரித்தீர்கள். கிழிந்த ஓரத்தில் கறுப்பு நூல் தையல் போட்ட குடை. பழைய வால்வை ஓரமாகத் தள்ளிவிட்டுப் புதியது அங்கேயே உட்கார்ந்துகொள்ளும் என்றீர்கள். உங்கள் மாமியாருக்கும் அப்படித்தான் செய்தார்களாம். எல்லாருக்கும் இது பொருந்தாது, ஸ்கேன் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள் என்றும் மறைக்காமல் சொன்னீர்கள். அந்த நேர்மைதான் அம்மாவை அசைத்தது.

2002இல் பிரான்சில் முதன்முதலாகச் செய்யப்பட்ட சிகிச்சை இது என்று பிறகு படித்தேன். அம்மாவுக்குப் புரியவைத்தது உங்கள் குடைதான்.

சிகிச்சை முடிந்த மறுநாளே அம்மா எழுந்து நடந்தார். இப்போது மாடிப்படி ஏறிப் போய் வடகம் காயவைக்கிறார். "அந்தக் குடைக்காரப் பிள்ளையைப் பார்த்தாயா?" என்று கேட்கிறார். மாட்டுத்தாவணியில் இறங்கும்போதெல்லாம் உங்களைத் தேடுகிறேன், அக்கா.