சுவரைப் பிரிக்கும் முன் எழுத்தைப் படியெடுத்தவர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பத்தாம் நூற்றாண்டுச் சோழ அரசி செம்பியன் மாதேவியாரைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அவரைக் கோயில் கட்டிய பக்தை என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. உடன் வந்த படம் வாஷிங்டன் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் 1929 முதல் இருக்கும் செப்புத் திருமேனி. அது செம்பியன் மாதேவியார்தான் என்பது சில அறிஞர்களின் ஊகம். பெயர் சொல்லும் எழுத்து எதுவும் அதில் இல்லை. இராசேந்திர சோழன் 1019 வாக்கில், நாகை மாவட்டத்துச் செம்பியன்மாதேவி ஊர்க் கோயிலில் அவருக்குத் திருமேனி எழுந்தருளுவித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அந்தத் திருமேனியும் வாஷிங்டனில் இருப்பதும் ஒன்றே என்பதற்குக் கல்வெட்டில் சான்றில்லை. படத்தின் அடியில் 'கருதப்படுகிறது' என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம்.

செம்பியன் மாதேவியார் மழவரையர் மகள், சோழ மன்னர் கண்டராதித்தரின் தேவி, உத்தம சோழரின் தாய். கணவர் 957 வாக்கில் மறைந்தார். அரியணை அவருடைய தம்பி அரிஞ்சயருக்கும், பிறகு சுந்தர சோழருக்கும் போய், 970 வாக்கில்தான் மகன் உத்தமரிடம் வந்தது. இந்த அரசியலைப் புதினங்களும் திரைப்படங்களும் வேண்டிய அளவு பேசிவிட்டன. பேசாமல் விட்டது அவருடைய பணியின் கணக்கு. 941இல் ஒரு விளக்குக் கொடையில் தொடங்கும் அவருடைய கல்வெட்டுகள், இராசராசனின் 16ஆம் ஆட்சியாண்டான 1001இல் திருவக்கரை வரை வருகின்றன. மாமனார் பராந்தகன் காலத்தில் தொடங்கி அறுபது ஆண்டுகள், அரசர் மாறினாலும் இந்தப் பணி நிற்கவில்லை. (சென்னை வாசகர்களுக்கு அருகில் இருப்பது திருவக்கரைதான். திண்டிவனம், மயிலம் வழியாகப் போகலாம். அங்கே கல்மரம் (கல்லாகிப்போன பழங்கால மரம்) பார்க்கப் போகிறவர்கள் கோயில் சுவரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வரலாம்.)

அன்று ஒரு விளக்கை அணையாமல் எரிய வைப்பது எப்படி என்று பாருங்கள். ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடு. சில ஊர்களில் 90. ஆடுகளை ஏற்கும் இடையர், நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். உழக்கு என்பது நாழியில் கால். செத்த ஆட்டுக்குப் பிறந்த குட்டி ஈடு என்பதால் எண்ணிக்கை எந்நாளும் 96 என்றே கொள்ளப்படும். இதைத்தான் கல்வெட்டு 'சாவா மூவாப் பேராடு' என்கிறது. பணமாகக் கொடுத்திருந்தால் இரண்டு தலைமுறையில் கரைந்திருக்கும். நிலக்கொடையும் இப்படியே. நிலத்தின் எல்லை, விளைவு, கோயிலுக்கு அளக்க வேண்டிய நெல் எத்தனை கலம், அதில் பூசைக்கு எவ்வளவு, பணியாளருக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதினார்கள். எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். இந்த வாய்பாடு தெரிந்தால் கோனேரிராசபுரம் கல்வெட்டை வரவுசெலவுத் திட்டமாகவே வாசிக்கலாம்.

கோனேரிராசபுரம் அன்றைய திருநல்லம். கணவர் பெயரால் அங்கே கற்றளி (கல்லால் கட்டிய கோயில்) எடுப்பித்த தேவியார், கண்டராதித்தர் இலிங்கத்தைத் தொழும் சிற்பத்தைத் தென்புறச் சுவரில் வைத்து, அவர் இன்னார் என்றும் எழுத வைத்தார். தில்லைக் கூத்தன்மீது கண்டராதித்தர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. அதைப் படித்தவர்களுக்கு இந்தச் சிற்பம் இன்னும் கொஞ்சம் பேசும். வேலையை நின்று நடத்திய சாத்தன் குணபட்டனான அரசரணசேகரனுக்கும் அதே சுவரில் இடம் உண்டு. இராசகேசரி மூவேந்தவேளான் என்ற பட்டமும் அவருக்குக் கிடைத்தது. பணியை மேற்பார்த்தவரின் பெயர் ஆயிரம் ஆண்டு நிற்பது அரிது. நம் காலத்துத் திறப்பு விழாக் கல்வெட்டுகளில் அமைச்சர் பெயர்தான் இருக்கும்.

இருந்தாலும், தேவியாரின் பணியில் தலையாயது காவிரி வடகரையில், கஞ்சனூருக்குப் பக்கத்தில் இருக்கும் திருக்கோடிக்காவலில் நடந்தது. பழைய கோயிலைக் கற்றளியாக்கும்போது பழைய கல்வெட்டுகள் சிதறிக் கிடந்தன. அவை அலங்காரமல்ல, நிலப் பத்திரம். கல் போனால் கொடை போகும், கொடை போனால் விளக்கு அணையும். அதனால் ஒவ்வொன்றையும் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டி, 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்று குறித்தார்கள். பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்துச் செய்தி இன்று நம் கைக்கு வந்தது இப்படித்தான். புதிதாக வாசிக்க வருபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயர் பல்லவ மன்னனுடையது, எழுத்து சோழர் காலத்தது. எழுத்தமைதியை மட்டும் பார்த்துக் காலம் கணித்தால் தவறும்.

இப்போது கும்பாபிஷேகத்துக்கு முன் நடப்பதற்கு வருவோம். சுவரின் அழுக்கு போக வேண்டும் என்று பல கோயில்களில் மணலைப் பீய்ச்சி அடித்திருக்கிறார்கள். எழுத்தின் ஆழம் சில மில்லிமீட்டர்தான். அழுக்கோடு விளிம்பும் உதிர்கிறது, அதன்பின் அந்த எழுத்தை யாராலும் வாசிக்க முடியாது. சுண்ணாம்புப் பூச்சு அவ்வளவு கெடுதல் செய்யாது, பொறுமையாக எடுத்துவிடலாம். எனாமல் பெயின்ட் அப்படியல்ல. தரையை உயர்த்தி கிரானைட் பதிக்கும்போது அதிட்டானத்தின் (கோயிலின் அடித்தளத்தின்) கீழ் அடுக்குகளான உபானமும் ஜகதியும் மண்ணுக்குள் போகின்றன. ஜகதியிலும் அதற்கு மேல் அடுக்கான குமுதத்திலும்தான் நீண்ட கல்வெட்டுகள் ஓடும். சுவரைப் பிரித்துக் கட்டும் இடங்களில் எழுத்து உள்ள முகத்திலேயே பெயின்டால் எண் போடுகிறார்கள். எண்ணைக் கல்லின் மேற்படுகையில் போட வேண்டும். எண்ணே போடாமல் பிரித்தால், மீண்டும் கட்டும்போது வரிகள் இடம் மாறி ஒரு கொடை இன்னொன்றின் நடுவில் புகுந்துவிடும்.

கல்லெழுத்தைத் தாளில் மையால் பதிவெடுக்கும் மைப்படி பெரிய செலவில்லாத வேலை. நார்த் தூரிகையும் தண்ணீரும் போதும், கம்பித் தூரிகை கூடாது. நனைத்த மேப்லித்தோ தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள் இறக்க வேண்டும். ஈரம் பாதி வற்றியதும் துணிப் பந்தால் மையை மெல்ல ஒற்ற வேண்டும். மேடு கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் வரும். ஈரம் மிகுந்திருந்தால் மை குழிக்குள் கசியும். உச்சி வெயிலில் செய்தால் மை ஒற்றும் முன்பே தாள் காய்ந்து கல்லை விட்டு எழும்பிவிடும். அதனால் காலையிலோ சுவரில் நிழல் விழுந்த பிறகோ செய்வதே சரி. நன்றாகக் காய்ந்தபின் உரித்து, ஊர், சுவர், வரி எண், நாள் ஆகியவற்றைப் பின்புறம் எழுத வேண்டும்.

ஆகவே திருப்பணி மதிப்பீட்டில் மைப்படிக்கும் ஒளிப்படத்துக்கும் ஒரு வரி சேர்க்கும்படி தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டுகிறோம். ஒரு படி கோயில் அலுவலகத்திலும் ஒன்று தொல்லியல் துறையிலும் இருக்கட்டும். பணி முடிந்ததும் சுவரைப் படியோடு ஒப்பிட்டு, எந்த எழுத்தும் குறையவில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகே ஒப்பந்தக்காரரின் கடைசித் தவணையை விடுவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கல்வெட்டு வாசிப்போர் சிலர்,
மயிலாப்பூர், சென்னை